சுமதியின் பக்கம் நின்ற மெஹருன்னிசா

அறுவை சிகிச்சை தொடங்கிய பிறகு உள்ளே இருக்கும் யாருக்கும் போன் தரக் கூடாது என்று எங்கள் பெரம்பலூர் மருத்துவமனையில் விதி வைத்தவர் மெஹருன்னிசா மேடம். அதனால் அவர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகவே வந்தது. மயக்கத்திலிருந்து நோயாளி கண் விழித்த பிறகுதான் செவிலியர் சொன்னார்: "டாக்டர், மேடம் காலைல போயிட்டாங்க. மாரடைப்பாம்."

மேடம் மருத்துவர் அல்ல. மனிதர்கள் எந்தச் சூழலில் பிழை செய்கிறார்கள் என்பதைப் படித்த பொறியாளர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துவிட்டு, நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்க எங்களிடம் வந்தார். வந்த புதிதில் பகல் முழுவதும் வார்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். வேவு பார்க்கிறார் என்று பேசிக்கொண்டோம். ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"ஆலையில மெஷின் சத்தம் மாறுனா நிறுத்திடுவோம் டாக்டர். இங்க சிஸ்டருங்க சத்தமே போடாம ஓடுறாங்க. எங்க இடறுவாங்கன்னு பாக்குறேன்" என்றார்.

இடறியவர் சுமதி என்ற இளம் செவிலியர். நேராக ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடும் பொட்டாசியம் மருந்தும், ஊசி மருந்தைக் கரைக்கும் தண்ணீரும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குப்பிகளில் ஒரே தட்டில் இருந்தன. அவற்றைப் பிரித்து வைக்கும்படி மேடம் முன்பே கேட்டிருந்தார். இடமில்லை என்று தள்ளிப்போட்டார்கள். நெருக்கடியான ஒரு காலையில் குப்பி மாறியது. உடையார்பாளையத்திலிருந்து காய்ச்சலுக்காக வந்து சேர்ந்திருந்த பெண் இறந்துபோனார். இரண்டு பிள்ளைகளின் தாய்.

நிர்வாகக் கூட்டத்தில் சுமதியை நீக்க முடிவாயிற்று. மேடம் மட்டும் எழுந்தார். "இந்தப் பொண்ண அனுப்பிட்டீங்கன்னா, நாளைக்கு அதே தட்டு முன்னாடி இன்னொரு பொண்ணு நிக்கும்." அவர் சொன்னது எடுபடவில்லை. கூட்டம் முடிந்ததும் நேராக வார்டுக்குப் போய்க் குப்பிகளைத் தன் கையாலேயே பிரித்து வைத்தார்.

குடும்பத்தாரிடம் எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் மீறி, என்னையும் அழைத்துக்கொண்டு உடையார்பாளையம் போனார். இறந்தவரின் கணவர் முந்திரிக் கொல்லையில் கூலி வேலை பார்ப்பவர். நடந்ததை மேடம் ஒளிக்காமல் சொல்ல, அவர் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப யாரு மேலதாங்க தப்பு?"

"எங்க எல்லார் மேலயுங்க. தெரிஞ்சும் பிரிச்சு வைக்காம இருந்துட்டோம்."

"வந்து சொன்னீங்க, சரி. இனிமே வராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். சில மாதங்களில் மேடத்தின் வேலையும் போயிற்று. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

லப்பைக்குடிக்காட்டில் அவர் வீட்டிலிருந்து ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு ஆண்கள் போன பிறகு, உள்ளே பெண்களுக்கு நடுவில் சுமதியைப் பார்த்தேன். இப்போது திருமானூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

"மாசாமாசம் வந்துடுவாங்க டாக்டர். மறுபடி நர்ஸ் வேலைக்குப் போன்னு ஒரு தடவகூட சொன்னதில்ல. சாப்பிட்டியா, தூங்குனியான்னுதான் கேப்பாங்க."

அவரை அறிந்த எங்களுக்குத் தெரியும், தன் உழைப்புக்குப் பெரிய பலன் எதையும் அவர் கண்டுவிட்டுப் போகவில்லை. சுமதி அந்த வேலைக்குத் திரும்பவில்லை. அந்தக் கணவரின் மனம் ஆறியிருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை.

இந்த மாதம் நான் திருமானூருக்குப் போனேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சுமதி தலையசைத்தார். கடை திறக்கும் வரை படியில் அவர் பக்கத்தில் இருந்தேன். தவறு செய்துவிட்ட ஒருவரைத் தேடிப் போய், அவர் பக்கத்தில் உட்காருவது. மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.