முப்பத்தாறில் நான்கு

குக்கர் தானாக அடங்குவதற்கு முன்னால் அம்மா அதன் வெயிட்டைத் தூக்கி மகள் ஒருநாளும் பார்த்ததில்லை. வாசலில் கம்பெனி வேன் நிற்கும். அதை ஓட்டவேண்டிய அப்பா ஒரு காலில் செருப்போடு சமையலறையை எட்டிப் பார்த்து, "சாப்பாடு இன்னிக்கா, நாளைக்கா?" என்பார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு குக்கரையே பார்த்தபடி நிற்பாள். கரண்டிக் காம்பால் வெயிட்டை நெம்பி ஆவியை விடும் வித்தை எல்லா வீட்டிலும் நடக்கும், அந்த வீட்டில் நடக்காது. மகள் எட்டாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். அம்மாவுக்குக் குக்கர் என்றால் பயம் என்று மகள் வெகுநாள் நினைத்திருந்தாள்.

அம்மாவுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிருமி நீக்கும் அறையில். அறுவைக்குப் போகும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் எண்ணி, பச்சைத் துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே ஒரு டேப் ஒட்டி, ஆள் உயர ஆவி மெஷினுக்குள் அடுக்கிக் கதவின் சக்கரத்தைச் சுற்றி இறுக்கவேண்டும். சூடு காட்டும் முள் நூற்றிருபத்தொன்றைத் தொட்டதும் நேரம் குறிக்கவேண்டும். டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும், நன்றாக வெந்து வெளியே வரும்போது அவை கறுத்திருக்கும். கோடு கறுக்காத மூட்டை அந்த அறையின் வாசலைத் தாண்டக்கூடாது. ஒருமுறை பெரிய டாக்டரே வந்து நின்று அவசரப்படுத்தியும் அம்மா கொடுக்கவில்லை. "இன்னும் இருபது நிமிஷம் சார்" என்றாளாம். அவரும் நின்றாராம். அந்த இருபது நிமிடத்தை அம்மா வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது ஆஸ்பத்திரிப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இனி அந்த அறையில் மெஷின் பார்ப்பவர்கள் பத்தாம் வகுப்பாவது தேறியிருக்கவேண்டும். தேறாதவர்கள் அழுக்குத் துணி பிரிக்கும் பகுதிக்கு மாற்றப்படுவார்கள். சம்பளம் குறையாது. அறைதான் போய்விடும்.

அம்மா பதினாறு வயதில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, அறிவியலில் மட்டும் இருபத்தேழு வாங்கித் தவறியவள். அதற்குப் பிறகு கல்யாணம், அதற்குப் பிறகு மகள். அந்த இருபத்தேழு அப்படியே கிடந்தது. இப்போது அந்த ஒரு தாளை மட்டும் எழுதினால் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தேர்வுக்குப் பதினோரு வாரம் இருந்தது.

மகள் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பட்டம் என்ற ஒன்றை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். அதனால் அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

"ஏ டிகிரி, உங்கம்மாவுக்கு நீதான் வாத்தியார். அடிச்சாவது பாஸ் பண்ண வை."

"எனக்கு எங்கப்பா நேரம்? யூடியூப்ல ஒருத்தர் பத்தாவது சயின்ஸ் முழுக்க எடுக்கிறார். எழுபத்திரண்டு வீடியோ. ஒரு நாளைக்கு ஒண்ணு பாத்தாலே கடைசியில அஞ்சு நாள் மிச்சம்."

மகள் பகல் முழுக்க ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாருடைய கோபத்தையாவது கேட்டுக்கொண்டிருப்பவள். அம்மாவுக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வீடு திரும்பி, போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். திரையில் ஆசிரியரின் முகம் வராது. ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, மோதிர விரல் சற்று வளைந்த ஒரு கை. குரல் மட்டும் பின்னாலிருந்து வரும். அம்மா அவருக்குக் கை வாத்தியார் என்று பெயர் வைத்தாள்.

கை வாத்தியாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாடத்தின் நடுவில் ஒரு கேள்வியைப் போட்டு, "வீடியோவ நிறுத்திட்டு யோசிச்சுப் பாருங்க, அப்புறம் வாங்க" என்பார். எல்லோரும் அதைக் கடந்து அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவார்கள். அம்மா நிறுத்தினாள். நிறுத்தியவள் யோசித்தாள். துணி துவைக்கும்போது யோசித்தாள், பேருந்தில் யோசித்தாள், மெஷினின் முன்னால் முள் ஏறும்வரை யோசித்தாள். பதில் தோன்றினால்தான் திரும்பவும் ஓடவிடுவாள். சில கேள்விகளுக்கு மூன்று நாள் ஆனது.

ஐந்தாம் வாரக் கடைசியில் மகள் போனை வாங்கிப் பார்த்தாள். பதினான்காம் பாடத்தின் நடுவில் நின்றிருந்தது.

"என்னம்மா இது? பாதி நாள் போச்சு. இன்னும் பதினாலுலயே நிக்கிற!"

"அவர்தான யோசிக்கச் சொன்னாரு."

"அது சும்மா சொல்றதும்மா. அஞ்சு செகண்டுல அவரே பதிலச் சொல்லிடுவாரு."

"அவர் சொன்னா அது அவர் பதிலு. எனக்கு எப்படித் தெரிஞ்சதாகும்?" என்ற அம்மா, கையோடு கேட்டாள்: "சரி, இதச் சொல்லு. தண்ணி நூறு டிகிரியில கொதிக்குதுங்கிறாரு. எங்க மெஷின்ல நூத்தியிருபத்தொண்ணு காட்டுது. அதுக்குள்ள பாட்டில்ல வச்ச தண்ணி தண்ணியாவேதான் வெளிய வருது. நூறத் தாண்டியும் ஏன் கொதிச்சு ஆவியாப் போகல?"

"அழுத்தம் கூடினா கொதிநிலை கூடும்."

"ஏன் கூடும்?"

மகள் ஒரு சமன்பாட்டைச் சொன்னாள். கல்லூரியில் அதை எழுதிப் பதினைந்துக்குப் பதினைந்து வாங்கியிருந்தாள்.

"அது சரி. ஏன் கூடும்?"

அப்பா செய்தித்தாளை இறக்கினார். "டிகிரி, கேக்குறா பாரு."

மகள் வேலை இருப்பதுபோல் எழுந்து போனாள். ஆனால் கேள்வி கூடவே வந்தது. மறுநாள் மதிய இடைவேளையில் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அதே பதினான்காம் பாடத்தைப் போட்டாள். கை வாத்தியார் நிறுத்தச் சொன்ன இடத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, நிறுத்தினாள். ஒன்றும் தோன்றவில்லை. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் தான் எங்கேயாவது இப்படி நின்றிருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்தாள். நின்றதாக நினைவில்லை. ஓடியதுதான் நினைவிருந்தது. வீட்டில் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று தெருவே சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் படிப்பு தன்னிடம் எந்த மூலையில் இருக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அம்மாவுக்கு அந்த வார வியாழக்கிழமை பதில் கிடைத்தது. மகள் வீட்டுக்குள் நுழையும்போதே ஈரக்கையோடு வந்து மறித்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்டி! குமிழி வந்தாத்தான கொதிக்கிறது? மேல இருந்து அமுக்கினா குமிழியால வாயத் திறக்க முடியாது. திறக்க முடியாம, வர்ற சூட்ட எல்லாம் உள்ளேயே வாங்கி வச்சுக்கிட்டு நூறத் தாண்டிப் போயிட்டே இருக்கும்." சொல்லிவிட்டு இடது கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே வழவழப்பாக ஒரு பழைய தழும்பு. "அன்னிக்கும் இதான் நடந்திருக்கு."

பதினோரு வருடத்துக்கு முன்னால், மெஷினுக்குள் மருந்துத் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. அவசரம் என்று நர்ஸ் விரட்ட, அம்மா ஆவியை ஒரேயடியாக வெளியேற்றிக் கதவைத் திறந்தாள். அதுவரை சாதுவாக நின்ற பாட்டில்கள் கண்ணெதிரே பொங்கிச் சிதறின. பாட்டில் மட்டம் என்றார் நர்ஸ். இவளுக்குக் கை பதற்றம் என்றார்கள் மற்றவர்கள். அம்மா தன் நேரம் சரியில்லை என்று வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து ஆவி அடைபட்ட எதையும் அவசரப்படுத்தாமல் இருந்தாள்.

"அமுக்கினத சட்டுனு எடுத்துட்டோம். அடக்கி வச்சதையெல்லாம் அது ஒரே நேரத்துல கொட்டிடுச்சு. பாட்டிலும் தப்பில்ல, நானும் தப்பில்ல." அம்மா சிரித்தாள். "பதினோரு வருஷமா என் கையத் திட்டிக்கிட்டு இருந்தேன்டி."

மகள் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். ஆனாலும் நாள்காட்டி சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் அம்மா முப்பத்தொன்றாம் பாடத்தில் இருந்தாள். மகள் பழைய கேள்வித்தாள்களை அலசி, அடிக்கடி வரும் பதினோரு பாடங்களைப் பொறுக்கி எடுத்தாள். அவற்றைப் புரியவெல்லாம் வேண்டாம், அப்படியே மனப்பாடம் செய்து எழுதிவிட வேண்டும் என்றாள்.

அம்மா முகம் மாறிவிட்டது. "தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதச் சொல்றியா? கோடு கறுக்காத மூட்டைய ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புற வேலடி அது."

"நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன்" என்றாள் மகள். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது. "எல்லாரும் அப்படித்தாம்மா. நீ பாஸ் ஆகலன்னா அந்த ரூமே உனக்கில்ல. அப்புறம் மூட்டையும் இல்ல, கோடும் இல்ல."

கடைசியில் அம்மா மெஷின் டேப்பின் காலி அட்டையை எடுத்து, அந்தப் பதினோரு பாடங்களின் பெயரையும் வரிசையாக எழுதினாள்.

"கடனா வாங்கிக்கிறேன். பரீட்சை முடிஞ்சதும் ஒவ்வொண்ணாத் திருப்பிடுவேன்."

"யாருக்கும்மா திருப்பணும்?"

"அது எனக்கும் தெரியல. ஆனா கடன்தான்."

தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். அம்மா முப்பத்தாறு வாங்கினாள். அப்பா ஆஸ்பத்திரி முழுக்க இனிப்புக் கொடுத்தார், வேன் கம்பெனியிலும் கொடுத்தார், வழியில் வண்டியை நிறுத்திய போக்குவரத்துக் காவலருக்கும் கொடுத்தார். அம்மாவின் அறை அம்மாவிடமே இருந்தது.

அதோடு முடிந்தது என்று மகள் நினைத்தாள். அம்மாவோ தன் விடைத்தாளின் நகல் வேண்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா மதிப்பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபெயிலானவங்கதான் நகல் கேப்பாங்க. உங்களுக்குத்தான் பாஸ் போட்டிருக்கே. எதுக்கும்மா, மார்க் கூட்டவா?"

"இல்ல சார். குறைக்க."

குமாஸ்தா மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

நகல் வந்ததும் அம்மா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். மனப்பாடமாக எழுதிய விடைகளின் மேல் மட்டும் வட்டம் போட்டாள். பதினான்கு மதிப்பெண். அவற்றைக் கழித்தால் இருபத்திரண்டு. "பதினாறு வயசுல இருபத்தேழு வாங்கினேன். இப்ப அஞ்சு குறைஞ்சுபோச்சு" என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு மறுபடி உப்பு டப்பா, போன், கை வாத்தியார். பாஸான பிறகு படிக்க உட்கார்ந்த மனுஷியை இப்போதுதான் பார்ப்பதாக அப்பா தெருவில் எல்லோரிடமும் சொன்னார். ஒரு பாடம் முடிய மாதக்கணக்கானது. மனதுக்குள் கறுத்துவிட்டது என்று தோன்றினால்தான் அட்டையில் ஒரு கோடு அடிப்பாள். மின்னோட்டம் மட்டும் ஏழு மாதம் எடுத்தது.

"எலக்ட்ரான் இந்தப் பக்கம் போகுது. கரண்ட் எதிர்ப் பக்கம் போகுதுங்கிறாங்க. யாரு பொய் சொல்றது?"

"எலக்ட்ரான் தெரியாத காலத்துல திசைய மாத்தி வச்சுட்டாங்கம்மா. அதையே வச்சுக்கிட்டாங்க."

"தப்புன்னு தெரிஞ்ச பொறகுமா?"

"ஆமா."

"எங்க ஆஸ்பத்திரி மாதிரிதான்" என்று சொல்லி, அதற்கும் கோடு அடித்தாள்.

மகளும் மதிய இடைவேளையில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவிடம் சொல்லாமல். எங்கே நிறுத்தவேண்டும் என்பது அவளுக்கு மெல்லப் பழகியது. தன் பட்டச் சான்றிதழில் எத்தனை மதிப்பெண்ணுக்கு வட்டம் போடவேண்டியிருக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

அம்மா ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது அட்டையில் பத்துக் கோடுகள் விழுந்திருந்தன. மிச்சம் இருந்தது காந்தம். ஒரு சட்டக் காந்தம் வரைந்து அதைச் சுற்றிப் புலக்கோடுகள் போட்டதற்கு நான்கு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள்.

"தொடவே இல்ல. எப்படி இழுக்குது?"

"சுத்தி ஒரு காந்தப்புலம் இருக்கும்மா."

"அது பேரு. நான் பேரக் கேக்கல."

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு அம்மா குண்டூசியோடு மல்லுக்கட்டினாள். நடுவில் காகிதம் வைத்தாள், கண்ணாடித் தம்ளர் வைத்தாள், தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள், தன் உள்ளங்கையையே வைத்தாள். எல்லாவற்றையும் தாண்டி ஊசி வந்து ஒட்டியது. மகளைக்கொண்டு வீடியோவுக்குக் கீழே கேள்வி எழுதவைத்தாள். இரண்டு மாணவர்கள் சூத்திரம் எழுதியிருந்தார்கள். ஒரு பெண், "எனக்கும் இதே சந்தேகம் ஆன்ட்டி" என்று போட்டிருந்தாள். கை வாத்தியார் ஓர் இதயம் மட்டும் போட்டிருந்தார்.

மகள் கல்லூரிப் புத்தகங்களை எடுத்துத் தேடினாள். எல்லாப் பக்கமும் புலத்தை அளந்தது, கணக்கிட்டது, படம் போட்டது. அம்மா கேட்டதற்கு அருகில் போய்த் திரும்பியது. "எனக்கும் தெரியலம்மா" என்று சொல்ல அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. "அப்ப ரெண்டு பேரும் பாப்போம்" என்றாள்.

ஓய்வு பெறும் நாளில் அம்மா கடைசி மூட்டைகளை இறக்கி, ஒவ்வொரு டேப்பையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து அனுப்பினாள். கோப்பில் அவள் பத்தாம் வகுப்பு தேறியவள் என்று இருந்தது. பாராட்டிப் பேசிய நர்ஸ் கண்காணிப்பாளரும் அதைத்தான் சொன்னார். மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா மகளிடம் அட்டையைக் காட்டினாள்.

"முப்பத்திரண்டுதான்டி வந்திருக்கு. இன்னும் மூணு போதும் பாஸாக. ஆனா மூணு மார்க்குக்கு மட்டும் தனியாக் காந்தம் கிடையாதே."

அது நடந்து இரண்டு வருடமாகிறது. அந்த அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். அட்டையில் பத்துப் பெயர்கள் அடிபட்டிருக்கின்றன. காந்தம் என்ற பெயர் அடிபடாமல் நிற்கிறது, எதிரே நான்கு என்ற எண்ணோடு.