ருசி பார்க்கப் போன அப்பா

ஆங்கிலத்தில் 'சூஸ்' என்றொரு சொல் இருக்கிறது. 'தெரிவு செய்' என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது ஆசிரியைகளான எங்கள் வழக்கம். அறுபதுகளின் தொடக்கத்தில், பதுளையில் ஒரு கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் சொல்லிக்கொடுக்கப் போனபோது, அங்கிருந்த தடித்த அகராதியில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினேன். அதன் ஆதி வேருக்கு 'ருசி பார்ப்பது' என்று அர்த்தமாம். லத்தீனில் ருசிக்கு இருக்கிற சொல்லும் அதே வேரில் முளைத்ததாம். 'சாய்ஸ்' மட்டும் பிரெஞ்சுக்காரர் வீட்டில் வளர்ந்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளை, ஆனால் ரத்தம் ஒன்றுதான். 'எலெக்‌ஷன்' வேறு குடும்பம். அது பொறுக்கியெடுப்பதில், பறிப்பதில் பிறந்தது.

படித்ததும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் கண் கலங்கிவிட்டது. அகராதியைப் பார்த்து அழுதவள் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பாவின் நினைப்பு வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை அப்பாவுக்கு. வாயில் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். பண்டாரவளைச் சந்தையில் பச்சரிசியில் நாலு மணியை எடுத்து மென்று பார்ப்பார், கருப்பட்டியைக் கிள்ளிப் பார்ப்பார், கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருவார். கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். கூடப் போகிற எனக்குத்தான் மானம் போகும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போயிற்று. அதற்கு முந்திய தேர்தலில் ஓட்டுப் போட்டவர் அப்பா. அந்த ஓட்டும் போயிற்று. இந்த நாடா, இந்தியாவா, ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இந்தியா என்றால் திருச்சிப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் தாத்தா அங்கிருந்து வந்தவர். அப்பா இங்கே லயத்தில் பிறந்தவர். அந்தக் கிராமத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடுறேன். பாக்காம எப்படி முடிவு சொல்றது?" என்றார்.

"ருசி பாக்குறதுக்கு ஊரு என்ன கருப்பட்டியா?" என்றாள் அம்மா.

கேட்கவில்லை. தோட்டத்துத் துரையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஆனி மாதம் கப்பலேறினார். மூன்று மாதத்தில் வருவதாகப் பேச்சு. சித்தப்பா முறையான ஒருவர் வீட்டில் தங்கி, அவர்கள் காட்டில் வேலை செய்தார். வெயிலில் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது, மழையிலும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். பிறகு அறுப்பையும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மறு வருஷம் ஆவணியில்தான் வந்து சேர்ந்தார், கறுத்து, இளைத்து.

அவர் அங்கே இருக்கும்போதே இங்கே புதுச் சட்டம் வந்திருந்தது. இத்தனை வருஷம் தொடர்ந்து இந்த நாட்டிலேயே வசித்தவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம். இடையில் ஒரே தடவையாக ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். இதை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அம்மா பேரையும் பிள்ளைகள் பேரையும் சேர்த்து அப்பா மனுப் போட்டார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து பதுளைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூத்தவள், இங்கிலீஷ் படித்தவள் என்று என்னையும் அழைத்துப் போனார் அப்பா. வெள்ளை வேட்டி, இரவல் கோட்டு. மேசைக்குப் பின்னால் சிங்கள அதிகாரி ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

"இந்தியாவிலை எவ்வளவு காலம் நிண்டனீங்கள்?" என்று கேட்டார் கிளார்க். அப்பா வாயைத் திறப்பதற்குள் அவரே குரலைத் தாழ்த்தி, "ஒரு வருஷத்துக்குள்ளைதானே?" என்றார்.

அந்தக் குரலில் இருந்த இரக்கம் எனக்குப் புரிந்துவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் அப்பா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லைங்க, மேலே இருக்குங்க. ஆனியில போனேன், அடுத்த ஆவணியிலதான் வந்தேன். அவசரப்படாம நல்லாப் பாத்துட்டுத்தாங்க வந்தேன்" என்றார் அப்பா. நல்லாப் பார்த்தது தனக்குச் சாதகமாகும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

கிளார்க் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். இன்னும் சில கேள்விகள் கேட்டார்கள், எங்கே பிறந்தீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று. அப்பா பதில் சொல்லி முடித்ததும், போகலாம் என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இனிமேல்தான் முக்கியமான கேள்வி வரப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

மனு தள்ளுபடியான செய்தி பின்னால் வந்தது. அப்பாவோடு சேர்த்து நாங்கள் எல்லாரும் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்றாயிற்று. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு அது தெரியாது. வீட்டு வாசலிலேயே அம்மா, "என்ன கேட்டாங்க?" என்றாள்.

"என்னென்னமோ கேட்டாங்க" என்றார் அப்பா, கோட்டைக் கழற்றிக்கொண்டே. "எந்த ஊரு புடிச்சிருக்குன்னு மட்டும் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா, இதுதாங்க எங்க ஊருன்னு சொல்லியிருப்பேன்."