மூன்றாம் மாதம் வரை

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு வந்த ஜீப்பில் என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். வெளிறிய முகம். முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த கணவன் முன்சீட்டில் இருந்தான். அவன் கழற்றிய, மருந்தில் நனைந்த சட்டை ஒரு பையில், அவள் மடியில்.

“வாந்தி வருதா சாமி?” என்றேன்.

என் காதருகே குனிந்தாள். “மாசமா இருக்கறனுங்க. ஊட்டுல யாருக்கும் தெரியாதுங்க. மூணு மாசத்துக்குள்ள சொன்னா கண்ணு பட்டுருமுங்க.”

“அவருக்குமா தெரியாது?”

“அவரு வாய் நிக்காதுங்க.”

நானும் அவள் காதருகே குனிந்தேன். “அந்த மூணு மாசத்துலதான் கண்ணு, புள்ளைக்கு எல்லாமே உருவாகும். மருந்துத் துணியத் தொடாத. நர்ஸம்மாகிட்டப் போயி ஃபோலிக் மாத்திரை வாங்கு. இன்னைக்கே அவர்கிட்டச் சொல்லிரு,” என்று படபடத்தேன்.

“துவைக்கறது நாந்தானுங்களே,” என்றாள், பையைப் பார்த்தபடி.

ஏரி முனையில் பையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். கூடவே இறங்கிய கணவன் அதை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என்ன புள்ள, என்னாச்சு?” என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. அதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது.

இப்போதும் அந்த ஜீப்பில் கைக்குழந்தையோடு யார் ஏறினாலும், தாயின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.