பேச ஆளில்லை

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் மதுரையில் என் அத்தை ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார். எந்த நாடு என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "அதெல்லாம் ஒரு வெளிநாடாடி?" என்றார். ஸ்வெட்டரைத் திருப்பிக் கேட்கவில்லை. அதைத்தான் இங்கே தலைக்கு வைத்துப் படுக்கிறேன்.

அங்கே பல்கலைக்கழகம் இருக்கிற ஊரின் பெயரும் திருநெல்வேலிதான் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை போட்டார். "முதல் செமஸ்டர் முடியறதுக்குள்ள அங்க உன்கிட்ட பேச ஒரு ஆளாவது கிடைக்கணும். இல்லன்னா பெட்டியைத் தூக்கிட்டு வந்துடு." நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். ஜெர்மனிக்குப் போனவர்களெல்லாம் மொழி படிக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நான் தமிழ் பேசுகிற ஊருக்கல்லவா போகிறேன்!

பலாலி வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அன்ரி ஐம்பதைத் தொட்டவர்; கடலோர ஊரொன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அங்கிள் தலையை மட்டும் ஆட்டுவார். வந்த வாரமே எனக்குக் காப்பி இல்லாமல் தலை வலித்தது. சமையலறையில் நானே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன். வகுப்புக்குக் கிளம்புகிற அவசரத்தில் வாசலிலிருந்து சொன்னேன்.

"அன்ரி, சாயந்தரம் உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

அன்ரியின் முகம் சுருங்கியது. சாயங்காலம் திரும்பி வந்தபோது என் மின்விசிறியைத் துடைத்திருந்தார்கள். மெத்தை மாறியிருந்தது. ஆள் வைத்துக் கிணற்றை இறைத்து முடித்திருந்தார்கள். நான் படிப்பது நிலத்தடி நீர் பற்றி என்பதால் அங்கேதான் ஏதோ குறை கண்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். அன்ரி கதிரையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அங்கிள் பின்னால் நின்றார்.

"சொல்லுங்கோ பிள்ளை. என்ன குறை?"

காப்பி விஷயத்தைச் சொன்னேன்.

"உதுக்கோ பேசவேணும் எண்டு சொன்னனீங்கள்?" என்றார். குசினியில் எந்த நேரமும் கோப்பி போடலாம் என்று அனுமதி கிடைத்தது. எவ்வளவு மரியாதையான மனிதர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மரியாதை குறையவே இல்லை. அதுதான் சிக்கல். வாரங்கள் போயின. நான் கூடத்துக்கு வந்தால் அங்கிள் எழுந்து தோட்டத்துக்குப் போனார். தனிமை தாங்காமல் ஒரு நாள், "சும்மா பேசலாம்னு வந்தேன் அன்ரி" என்று போய் உட்கார்ந்தேன். "நாங்கள் ஒண்டும் செய்யேல்லையே பிள்ளை" என்றார். இன்னொரு நாள் துணிந்து மனதைத் திறந்தே காட்டினேன். "எனக்கு இந்த ஊர்ல பேச ஆளே இல்ல அன்ரி." அவர் ஒரு தட்டு நிறைய மீன் பொரியலை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். பொரியல் நன்றாக இருந்தது.

அம்மா தினமும் தொலைபேசியில் கேட்டார். "யாராச்சும் பேசுறாங்களா?" இல்லை என்பேன். செமஸ்டர் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வருகிற வகுப்புத் தோழி ஒருத்தி குறிப்புகள் வாங்க அறைக்கு வந்தாள். அன்ரி அவளை வாசலில் மறித்து ஏதோ கேட்டார். அவள் உள்ளே வந்து கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

"நீர் ஏன் ஒவ்வொரு நாளும் அந்த மனுசியைப் பேசப் போறீர்?"

"பேசாம எப்படி இருக்கறது?"

"இஞ்சை பேசுறது எண்டா ஏசுறது! மற்றதுக்குக் கதைக்கிறது எண்டு சொல்லவேணும். ஏசுறதுக்கு ஆளில்லை எண்டு நீர் கவலைப்படுறீராம். அன்ரி நல்லாப் பயந்துபோனா."

இந்த வீட்டில் எங்கள் ஊர்ப் படங்கள் எல்லாம் பார்க்கிறார்கள்; எங்கள் தமிழ் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் படத்தில் பேசுகிறவர்கள் யாரும் வீட்டு வாசலில் வந்து நின்று பேசுவதில்லையே. அன்று மாலையே போய், "அன்ரி, உங்களோட கதைக்க வந்தேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "இருங்கோ, இருங்கோ. என்ன கதை?" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றுமே தோன்றவில்லை. இருவரும் முருங்கைக்காயைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். ஆனாலும் நான் "நீங்கள்"தான். விருந்தாளிதான். இதை ஆள் கிடைத்ததாக அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை.

பரீட்சைக்கு முந்தைய வாரம் ஆய்வுக்காகக் கிணற்று நீர் மாதிரிகள் எடுக்க அன்ரியின் சைக்கிளில் அரியாலைப் பக்கம் போனேன். மழை பிடித்துக்கொண்டது. செயின் கழன்றது. போனில் சார்ஜ் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அன்ரி குடையோடு ஒழுங்கை முகப்பிலேயே நின்றார்.

"எங்கையடி போனனீ? விசரே உனக்கு? அவர் மழைக்குள்ளை உன்னைத் தேடித் திரியிறார். கொம்மா கேட்டா நான் என்ன மறுமொழி சொல்லுறது? படிச்சு என்ன, மூளை வேண்டாமோ? நிண்டு முழுசாதை, போய்த் தலையைத் துடை!"

நீ. "உங்கட அம்மா" இல்லை, கொம்மா. இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத சொற்கள். தலையைத் துடைத்துக்கொண்டே அந்த ஏச்சை எனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

போனில் கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, அன்ரி என்னைப் பேசிட்டாங்க."

"என்னையா? என்கிட்டன்னு சொல்லுடி. போய் ஆறு மாசத்துல தமிழே மறந்துபோச்சா?"

"இல்லம்மா," என்றேன். "என்னைத்தான்."