சூட்டோடு அடைத்த பனாட்டு

என் வீட்டுக்காரர் மலாயாவில் ரயில் இஞ்சின் கொட்டிலில் வேலை பார்த்தார். கலியாணமாகி ஏழாம் மாதம் கப்பலேறியவர். போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எங்கடை வளவுப் பனாட்டு கொஞ்சம் அனுப்பும்."

அந்த ஆவணியில் பனம்பழம் பிசைந்து களியெடுத்து, பந்தலில் பாய் விரித்துப் பூசினேன். ஒரு பூச்சுக் காய மறு பூச்சு; தடித்துக் காய்ந்தால் அதுதான் பனாட்டு. பனாட்டை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதுதான் எங்கள் வழக்கம். கடல் கடந்து போகிறதே என்று நான் பிஸ்கற் தகரம் ஒன்று எடுத்தேன். உச்சி வெயிலில், கை பொறுக்காத சூட்டில், உரித்துச் சுருட்டி உடனே அடைத்தேன். எங்கள் முற்றத்து வெயிலும் அவரிடம் சேரட்டும் என்று ஓர் ஆசை. மூடியைச் சுற்றி ஈயம் வைத்து ஒட்டுவித்தேன்.

"நீயும் உதுக்குள்ளை ஏறிக் குந்தன் பிள்ளை, கப்பல் காசு மிச்சம்" என்று அவருடைய அம்மா, என் மாமி, சிரித்தா.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "பனாட்டில் பூஞ்சணம். மனவருத்தப்பட வேண்டாம். சூட்டோடு அடைத்துவிட்டீர் போல. காய்ந்தது என்று நாம் நினைத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். சூடு அதை ஆவியாக்கி வெளியே தள்ளும். தகரம் கடலில் குளிர, அந்த ஆவி மூடியில் நீராகி வடிந்திருக்கிறது. இங்கே இஞ்சின் ஆவியும் குளிர்ந்த குழாயில் பட்டால் அப்படித்தான். இனி நன்றாக ஆறவிட்டு அடையும். ஒரு சுருளின் நடுவில் நகமளவு நல்லாயிருந்தது. அதைத் தின்றேன்."

அந்த நகமளவு என்னை அழவைத்தது. அன்றைக்குச் சோற்றுப் பானை மூடியைத் தூக்கினால், அடியில் துளி துளியாய்த் தண்ணீர். தினமும் கண்டதுதான், அன்றுதான் பார்த்தேன்.

மறு வருஷம் நிழலில் ஒரு பகல் முழுக்க ஆறவிட்டேன்.

"காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுற மாதிரித் தொட்டுத் தொட்டுப் பாக்கிறாய். உது எப்பவோ குளிர்ந்துபோச்சு, அடை" என்றா மாமி.

இந்த முறை ஒரு பொட்டுப் பூஞ்சணமும் இல்லையாம். தினமும் திருநீறு பூசிய கையோடு ஒரு துண்டு தின்றாராம். அடுத்த வருஷம் தானே வருவதாக எழுதினார். லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் தகரத்தை அடைத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனேன். "அக்கா, மலாயாவுக்கு இனிக் கப்பல் இல்லை. அங்கை சண்டை" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

தகரத்தைச் சுவாமி அறையில் முருகன் படத்தடியில் வைத்தேன். காலையில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு மூடியைத் தொடுவேன். சில்லென்றிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் சந்நிதி முருகன் கோயிலுக்கு நடப்பேன். அரிசி கிடையாத காலத்தில் மாமி ஒருநாள், "திறப்பமே பிள்ளை?" என்று மெல்லக் கேட்டா.

"அவர் வந்து திறக்கட்டும் மாமி."

பிறகு அவ கேட்கவேயில்லை.

சண்டை முடிந்து, அவரோடு வேலை செய்த ஒருவர் ஊருக்கு வந்தார். வாசல் படலையடியில் நின்றவர் உள்ளே வரவில்லை. என் வீட்டுக்காரர் சண்டை தொடங்கி இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாராம். அதற்குப் பிறகும் எத்தனை காலைகள் நான் அந்த மூடியைத் தொட்டிருக்கிறேன்.

சேதி வந்த முப்பத்தோராம் நாள் படையலுக்குத் தகரத்தை வெட்டுவித்தேன். அப்படியே இருந்தது. ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை.

"நல்லாத்தான் ஆறவிட்டிருக்கிறாய்" என்ற மாமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா.

முதலில் அவருடைய இலையில் வைத்தேன். பிறகு ஒரு சுருளை விரித்து, நடுவில் நகமளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.