குடுவையில் வந்த மாப்பிள்ளை

ஊரில் அவளை மாப்பிள்ளைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பண்ணையிலிருந்து பெரிய திமில் காளைகளின் உறைவிந்தைக் குடுவையில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் வேலை. உள்ளூர் மாடுகள் திமில் சிறுத்த குட்டை இனம். நோய்நொடி அண்டாது, ஆனால் சதை பிடிக்காது. பண்ணைக் காளையோடு கலந்தால் கன்று மளமளவென்று வளரும், கறியும் நன்றாக இருக்கும்.

“எல்லார் வீட்டுக்கும் மாப்பிள்ளை கொண்டு வர்றே, உனக்கு ஒண்ணு அமையலையா?”

“என்கிட்ட இருக்கறதெல்லாம் நாலு கால். எனக்கு ரெண்டு கால் போதும்” என்று சிரிப்பாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியை ஆளாக்கியதிலேயே அவள் வயது ஓடிவிட்டது.

தம்பி வீட்டில் ஒரு கறுப்புக் கிடேரி இருந்தது. பிள்ளையில்லாத வீடு. தம்பி மனைவி எங்கே போனாலும் அது சமையலறை வாசல்வரை பின்னாலேயே வரும்.

ஒருநாள் தம்பி தெருமுனையில் ஸ்கூட்டரை மறித்தான்.

“அக்கா, எல்லார் வீட்டுலயும் கன்னு யானைக்குட்டியாட்டம் நிக்குது. நம்மதுக்கும் பெரிய காளையே போடு.”

“முதல் ஈத்துடா. இடுப்பு சின்னது. இந்தத் தடவை உள்ளூர்க் காளை போதும்.”

“ஊருக்குன்னா போடுவே. தம்பிக்குன்னா மட்டும் யோசிப்பியா?”

அந்தச் சொல் சுட்டது. போட்டுவிட்டாள்.

ஈனும்போது கன்றின் முன்கால்கள் வந்தன, தலை வரவில்லை. டாக்டர் வேறொரு ஊரில் இருந்தார். அவள் தோள்வரை சோப்பைப் பூசிக் கையை உள்ளே விட்டாள். தம்பி கயிற்றை இழுத்தான். கன்று உயிரோடு விழுந்தது. தாய் எழவேயில்லை. தம்பி மனைவியின் மடியில் தலையைப் போட்டபடி அடங்கிவிட்டது.

“இது தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியும்ல, அண்ணி? தெரிஞ்சேதானே போட்டீங்க?” என்றாள் தம்பி மனைவி.

தம்பி குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவினான். கழுவிக்கொண்டேயிருந்தான். அவள் குனிந்து கன்றின் மூக்கைத் துடைத்தாள்.

அந்தக் கன்றைப் பார்க்கவே மாட்டேன் என்றாள் தம்பி மனைவி. மாப்பிள்ளைக்காரி தன் வீட்டுக்குக் கொண்டுவந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். நெஞ்சு அகன்று, திமில் எழும்பி, தெருவே நின்று பார்க்கும் காளையானது. பண்ணைக்காரர்கள் வந்து தொடையை அழுத்திப் பார்த்து, அறுத்துத் தரம் பார்க்கும் கறிச் சோதனைக்கு இதுதான் வேண்டும் என்றார்கள். அதற்குத்தானே அந்தக் கலப்பே. லாரியில் ஏற மறுத்த காளை, அவள் முன்னால் ஏறி நின்றதும் ஏறிவிட்டது.

அன்று மாலை தம்பி வந்து வாசலிலேயே நின்றான்.

“நான்தான் கேட்டேன்னு அவகிட்ட இன்னும் சொல்லலக்கா.”

“சொல்லாதே. நான் ஊரெல்லாம் சுத்தறவ, எனக்குப் போக இடம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும்.”

அவன் அழுதான். உள்ளே வா என்று அவள் கூப்பிட்டாள். வரவில்லை, வீட்டில் மனைவி தேடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனான்.