நிறைந்திருந்த போத்தல்

புதன்கிழமை மதியம் புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ரொறன்ரோவிலிருந்து சுபா போன் எடுத்தார். "அங்கிள், அப்பா போயிட்டார். வீட்டுக்காரர் கதவைத் திறந்து பாத்தவராம். குசினியிலை விழுந்து கிடந்தவராம்." பரமநாதன் அண்ணை ஞாயிறு மாலையே விழுந்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள்.

நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவரும் மகள் சுபாதான். நல்லதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு இருந்துவிடலாம். மனம் ஒப்பவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மொன்றியல் துறைமுகத்தில் இருபது வருடம் கொள்கலன்களோடு மாரடித்த மனிதர். நோத்ர-டாம்-த-கிரேஸில் அவருடைய பின்வளவுக்கும் என் குசினி யன்னலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கைதான். மனைவியார் காலமாகி, வேலையும் நின்ற பிறகு பறவைகளுக்குத் தீனிப்பெட்டி செய்யத் தொடங்கினார். முதலில் தொங்கவிட்ட ஜூஸ் போத்தலை அணில்கள் ஒரே காலையில் காலியாக்கிவிட்டன. அண்ணைக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "சும்மா குடுத்தால் கள்ளன்தான் தின்னுவான். இனி மூளை இருக்கிறவனுக்குத்தான் சாப்பாடு," என்றார்.

போத்தல் தொங்கிய கம்பத்தில் அணில் ஏறாதபடி தகரம் சுற்றினார். அதன்பின் அவர் செய்தவை எல்லாம் பறவைகளுக்கு வைத்த பரீட்சைகள். தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலின் குறுக்கே ஐஸ்கிறீம் குச்சிகளைச் செருகி, அவற்றின்மேல் கோது உரிக்காத கச்சான் கடலையை நிரப்புவார். குச்சியை அலகால் இழுத்தால்தான் கீழ்த்தட்டில் கச்சான் விழும். பின்னால் ஒரு வெள்ளைப் பலகையும் அறைந்திருந்தார், யார் வருகிறார், எப்படி இழுக்கிறார் என்பது என் யன்னல்வரை தெரியட்டும் என்று. நீலச் சிறகும் கொண்டையுமாக ஒரு புளூ ஜே வரும். ஒவ்வொரு கச்சானாகத் தூக்கிப் பார்த்து, பாரமானதை மட்டும் கொண்டுபோகும். அதற்குத் தரகர் என்று பெயர் வைத்தார். "தரகர் இண்டைக்குப் பிந்திட்டார்!" என்று ஒழுங்கைக்கு அப்பாலிருந்து கத்துவார்.

போன குளிர்காலத்தில் உறைபனியில் சறுக்கி விழுந்தார். தினமும் போனில் பேச வேண்டும் என்று சுபா பிடிவாதமாக நின்றார். அண்ணைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன குழந்தைப்பிள்ளையே?" என்று அவரிடம் சீறிவிட்டு, என்னிடம் வந்து ஓர் ஒப்பந்தம் பேசினார். "தம்பி, காலமை எழும்பின உடனை நான் போத்தலை நிரப்புறனான். பின்னேரத்துக்குள்ளை பறவையள் முடிச்சுப்போடும். வேலைக்குப் போகேக்கை யன்னலாலை ஒருக்காப் பார். நிரம்பியிருந்தால் நான் இருக்கிறன். வெறுமையெண்டால் வந்து கதவைத் தட்டு." சுபாவும் அரைமனத்தோடு சம்மதித்தார். ஒரு வருடம் அப்படியே ஓடியது.

கடைசி ஞாயிறு காலை பழைய போத்தலைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றை மாட்டினார். மூன்று குச்சிகள், ஒன்றை ஒன்று பூட்டியபடி. வரிசை தப்பாமல் மூன்றையும் இழுத்தால்தான் ஒரு கச்சானாவது விழும்.

"பாவமண்ணை, இந்தக் குளிருக்கை அதுகளை வதைக்கிறியள்," என்றேன்.

"வதையோ? தரகருக்குப் பெரிய சோதினையடாப்பா! ஒரு கிழமை செல்லும், பார்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் நிரப்பாவிட்டாலும் ஒரு கிழமைக்குப் போத்தல் வெறுமையாகாது என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

திங்கள் காலை போத்தல் நிறைந்திருந்தது. செவ்வாயும் நிறைந்திருந்தது. அன்று பின்னேரம் சுபா எடுத்தார். "அங்கிள், அப்பா போன் எடுக்கிறாரில்லை. பாத்தனீங்களே?"

"ஓம் பிள்ளை, நல்லா இருக்கிறார். காலமையும் பாத்தனான்," என்றேன்.

சுபா, நான் பார்த்தது போத்தலை மட்டும்தான். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன். ஒழுங்கையைக் கடக்க இருபது அடி. சப்பாத்துப் போடப் பஞ்சிப்பட்டேன். விழுந்த உடனேயே போனாரா, கிடந்து போனாரா என்று வைத்தியர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி இனி என்னோடுதான் இருக்கப்போகிறது. அண்ணைமேலும் எனக்குக் கோபம்தான். அந்தக் கெட்டித்தனத்துக்கு ஒருநாள் லீவு கொடுத்திருக்கக் கூடாதா?

சனிக்கிழமை தகனம் முடிந்தது. ஞாயிறு காலை யன்னலில் நின்றேன். போத்தல் அப்படியே நிறைந்திருந்தது. தரகர் வந்தார். மேல்குச்சியை இழுத்தார். அடுத்ததில் இரண்டு தரம் தோற்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபக்கம் போய் இழுத்தார். மூன்றாவதும் கழன்றது. கச்சான் தட்டில் கொட்டியது. ஒன்றைத் தூக்கி, திரும்ப வைத்துவிட்டு, வேறொன்றோடு பறந்தார். மதியத்துக்குள் மற்றப் பறவைகளும் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டன. அண்ணை சொன்ன ஒரு கிழமை சரியாகத்தான் இருந்தது.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன். வெறுமையென்றால் வந்து தட்டச் சொன்னவரின் கதவைத் தட்டினேன். உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்று, இன்னொரு தரம் தட்டினேன்.

"அண்ணை, தரகர் பாஸ் பண்ணிட்டார்," என்று கதவுக்குச் சொன்னேன். "போயிட்டு வாங்கோ."